பள்ளிக்கூடம் போக வேண்டியவர் யார்?

தொழிலாளியின் கை இயந்திரத்தில் அகப்பட்டு நசுங்குகிறது. அதற்கு மருந்து, அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்பு உத்தியோகத்தரை வணிக நிர்வாக முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்க வைப்பதே என்று ஒரு புதிய வைத்திய முறை கடல் கடந்து வந்திருக்கிறது. மேனாட்டுச் சர்வகலாசாலைகள் சில, தொழிலகங்களில் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் பொறுப்பாக இருப்பவர்களை நோக்கி, வேலையை விட வேண்டாம், வீட்டை விட வேண்டாம், இணையத்தின் வழியாகவே உங்களைத் தலைவர்களாக்கி விடுகின்றோம் என்று கூவி அழைக்கின்றன. கணக்கியல், நிதி முகாமை, மூலோபாயம், தலைமைத்துவம் என்பன பாடங்கள். கட்டணம் பல ஆயிரம் டொலர்.

அழைப்பு நம்மவர் வாசலுக்கும் வந்து விட்டது. வளைகுடா நாடுகளின் கட்டட வேலைத்தளங்களிலே பாதுகாப்பு மேற்பார்வையாளராக வெயிலில் காயும் நம் இளைஞர் பலர், பிரித்தானியாவின் நெபொஷ் சான்றிதழைப் பெற்றே அந்த வேலைக்குப் போனவர்கள். அடுத்த படி எம்.பி.ஏ. தானே என்று அவர்கள் கேட்கின்றனர். கொழும்பிலே கம்பெனிகளில் பணிபுரியும் பொறியியலாளரும் கேட்கின்றனர். தந்தையின் தோட்டக் காணியை ஈடு வைத்தேனும் படிக்கலாமா என்று கேட்பவரும் உளர். இவர்களுக்கு விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகின்றோம். கல்வியை நாம் பழிக்கவில்லை. பழித்து வாழ்ந்த இனமும் நாமல்லோம். இணையவழிக் கல்வியையும் நாம் இகழவில்லை. 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தோன்றிய போது, தபாலில் வரும் பாடத்தைப் படித்து ஒருவன் பட்டதாரியாவதா என்று மூக்கைச் சுளித்த பெரியவர்கள் இருந்தார்கள். பிள்ளை குட்டிகளோடு கந்தோருக்கும் போய் வந்து இரவில் விளக்கடியில் இருந்து படித்த எத்தனையோ இலிகிதர்களும் ஆசிரியைகளும் அந்த மூக்குகளுக்கு விடை சொன்னார்கள். நெபொஷ் பரீட்சையே 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர் வீட்டிலிருந்து புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் பரீட்சையாகி விட்டது. தூரம் ஒரு குற்றமன்று. மலையகத்திலே கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை தேடிப் பாறை மேல் ஏறிய மாணவரை 2021இல் நாடு முழுவதும் கண்டது. அந்தக் குறையை அரசாங்கம் தீர்க்கட்டும். அதற்காகக் கல்வியின் வழியை நாம் குறைகூற மாட்டோம்.

நமது சண்டை வேறு. பள்ளிக்கூடத்துக்கு ஆள் மாறி அனுப்பப்படுகிறான் என்பதே நமது வாதம்.

இந்தப் பட்டத்தை விற்போர் சொல்லும் நியாயத்தைச் செவிமடுப்போம். பாதுகாப்பு உத்தியோகத்தருக்குத் தலைக்கவசம் தெரியும், இயந்திரத்துக்கு வேலி போடத் தெரியும், நச்சு வாயுவை அளக்கத் தெரியும். ஆனால் பணிப்பாளர் சபையிலே அவர் பேச்சு எடுபடுவதில்லை. ஏன்? அவருக்கு இலாபத்தின் பாஷை தெரியாது. ஒரு விபத்தைத் தடுத்தால் கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம் என்று வரவுசெலவுக் கணக்கிலே காட்டத் தெரிந்தால் முதலாளிமார் செவிசாய்ப்பார்கள். ஆதலின் அவருக்கு அந்தப் பாஷையைக் கற்பிப்போம் என்கிறார்கள்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இலாபத்தின் பாஷையை நன்றாகக் கற்றவர்கள் ஆண்ட ஓரிடத்துக்குப் போய்ப் பார்ப்போமா?

அமெரிக்காவின் ரெக்சாஸ் நகரிலே பி.பி. கம்பெனிக்கு மாபெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் அந்தக் கம்பெனியின் தலைமைப் பீடத்தில் இருந்தவர், புகழ்பெற்ற ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலையில் வணிகவியல் முதுமாணிப் பட்டம் பெற்றவர். 1999இல் கம்பெனிகள் இணைந்த கையோடு, நிலையங்களின் நிரந்தரச் செலவிலே 25 விழுக்காட்டை வெட்டுமாறு கட்டளை பிறந்தது. பராமரிப்பு வெட்டுண்டது. பயிற்சி வெட்டுண்டது. பழைய காலத்துக் குழாய்த் தொட்டி ஒன்று, மேலெழும் ஆவியை எரித்து விடும் சுடர் அமைப்பு இல்லாமல், வானத்தை நோக்கித் திறந்தபடியே நின்றது. 2005 மார்ச் 23ஆந் திகதி, நிறுத்தி வைத்திருந்த கோபுரத்தை மீண்டும் இயக்கும் போது, மட்டங்காட்டும் கருவி பொய் சொல்ல, எண்ணெய் பொங்கி அந்தத் தொட்டி வழியே வெளியே கொட்டியது. ஆவி தீப்பற்றியது. அருகே தற்காலிகக் கூடாரப் பெட்டிகளில் இருந்த 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். மாண்ட 15 பேரில் ஒருவர் தானும் பி.பி. கம்பெனியின் நேரடி ஊழியரல்லர். அத்தனை பேரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்.

இதைவிடக் கொடிய செய்தி ஒன்று உண்டு. அவர்கள் அன்று பகல் விருந்து ஒன்றிலிருந்துதான் திரும்பியிருந்தார்கள். வேலைநேரம் இழக்கச் செய்த காயம் எதுவுமின்றி ஒரு மாதம் கழிந்ததைக் கொண்டாடிய விருந்து அது!

காயங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. கணக்கேடு அழகாக இருந்தது. கோபுரம் மட்டும் வெடிக்கக் காத்திருந்தது. தனியாட்களின் சிறு காயங்களைக் குறைத்ததையே பாதுகாப்பு என்று கம்பெனி தவறாகக் கருதி விட்டது என்று 2007இல் விசாரணையாளர்கள் எழுதி வைத்தார்கள். கேட்டாரா எவரும்? 2010 ஏப்ரல் 20ஆந் திகதி மெக்சிக்கோ வளைகுடாவிலே அதே கம்பெனிக்காகக் கிணறு தோண்டிய டீப்வாட்டர் ஹொரைசன் மேடை எரிந்து 11 பேர் மாண்டார்கள். ஏழாண்டுகள் வேலைநேர இழப்பின்றி உழைத்ததற்காகப் பாராட்டச் சென்ற பெரிய உத்தியோகத்தர்கள் அன்று அந்த மேடையிலேயே இருந்தார்கள். மேடைக்குச் சொந்தமான கம்பெனியோ, அந்த ஆண்டே தனது பாதுகாப்பு வரலாற்றில் மிகச் சிறந்த ஆண்டு என்று 2011இல் அறிக்கை விட்டு, மேலாளருக்கு வெகுமதியும் வழங்கியது. பிறகு ஊர் சிரிக்கவே வருத்தம் தெரிவித்தது. எண்களைக் கொண்டு எதையும் நிறுவலாம் என்ற வித்தையைத் தெரிந்தவர்களுக்கு இன்னும் ஒரு மாணவனை ஏன் அனுப்புகின்றோம் என்பதே நமது கேள்வி.

அமெரிக்கா தூரம், நமக்கு அருகே வாருங்கள் என்பீர்களாயின், அருகேயும் எரிந்திருக்கிறது. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி 250க்கு மேற்பட்டோர் உள்ளேயே கருகினர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேச தராதரச் சான்றிதழ் ஒன்று அந்தத் தொழிற்சாலைக்கு வழங்கப்பட்டிருந்தது. 2013 ஏப்ரல் 23ஆந் திகதி, பங்களாதேசத்தின் சாவார் நகரிலே ராணா பிளாசாக் கட்டடத்தின் தூண்களில் வெடிப்புக் கண்டது. பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்து, ஆட்களை வெளியேற்றுங்கள் என்றார். கீழ்மாடியில் இருந்த வங்கி தன் ஊழியரை மறுநாள் வர வேண்டாம் என்று நிறுத்திக் கொண்டது. மேல்மாடிகளில் தைத்த பெண்களை மட்டும் மறுநாட் காலையில் உள்ளே துரத்தினார்கள். 1,134 உயிர்கள் போயின.

அந்தப் பொறியியலாளருக்கு என்ன குறை? அறிவு குறைந்ததா? பாஷை தெரியாமற் போயிற்றா? வெடிப்பை அவர் கண்டார், சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவருக்கு இல்லாதது அதிகாரம் ஒன்றே. அவர் கையிலே நூறு எம்.பி.ஏ. பட்டங்கள் இருந்திருந்தாலும் அந்தக் கதவைப் பூட்டும் திறப்பு இருந்திராது.

ராணா பிளாசாவுக்குப் பிறகு அங்கே நிலைமை ஓரளவேனும் மாறியது எதனால் என்று பாருங்கள். 2013 மே மாதத்தில் சர்வதேசத் தொழிற்சங்கங்களும் மேனாட்டு ஆடைக் கம்பெனிகளும் சட்டத்தால் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றில் ஒப்பமிட்டன. 1,600க்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் அதன் கீழ் பரிசோதிக்கப்பட்டன. திருத்தம் செய்யாத தொழிற்சாலை கட்டளைகளை இழக்கும் என்ற நிலை வந்தது. ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் வந்தது. இலாபத்தின் பாஷையைத் தொழிலாளி கற்றுக் கொண்டதனால் வந்த மாற்றமன்று. சட்டத்தின் பாஷையை முதலாளி கற்க நேர்ந்ததனால் வந்த மாற்றம்.

எதிர்க்கட்சி நண்பர் இப்போது அல்கோவாக் கதையை எடுப்பார் என்று நமக்குத் தெரியும். நியாயமான கதைதான், நாமே சொல்லி விடுகின்றோம். 1987இல் பால் ஓ நீல் என்பவர் அந்த அமெரிக்க அலுமினியக் கம்பெனியின் தலைவரானார். நியூயோர்க்கில் முதலீட்டாளர் கூட்டத்தில் முதன்முதலாகப் பேச எழுந்தவர், இலாபத்தையும் வரியையும் விட்டு விட்டுத் தொழிலாளரின் பாதுகாப்பைப் பற்றியே பேசினார். எங்கே ஒருவருக்குக் காயம் பட்டாலும் 24 மணித்தியாலத்துக்குள் தமக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்தார். காயங்கள் பெரிதும் குறைந்தன, கம்பெனியும் வளர்ந்தது. ஆனால் இந்தக் கதை யாருக்குச் சாட்சி? ஓ நீல் பாதுகாப்பு உத்தியோகத்தரா? இல்லை, தலைவர்! நாற்காலியில் இருந்தவர் பாதுகாப்பைக் கற்றார், வேலை நடந்தது. நாம் சொல்வதும் அதைத்தானே!

இனி நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். இங்கேதான் அந்த இலாப பாஷையின் சாயம் முழுவதும் வெளுக்கிறது.

2018 ஏப்ரலில் ஹொரணையை அடுத்த பெல்லப்பிட்டியவில் றப்பர்த் தொழிற்சாலை ஒன்றின் அமோனியாத் தொட்டியிலே ஒருவர் விழுந்தார். காப்பாற்றப் போனவர்களும் ஒருவர்பின் ஒருவராக வாயுவுக்கு இரையாயினர். ஐவர் மாண்டனர். மூடிய தொட்டிக்குள் வாயுவை அளக்காமல், மூச்சுக் கவசமும் இடுப்புக் கயிறும் இல்லாமல், காப்பாற்றுவதற்காகவேனும் இறங்கலாகாது என்பது பாதுகாப்புக் கல்வியின் அரிச்சுவடி. உதவிக்கு ஓடுபவனே அடுத்த பிணம் என்பது நமது கிணறுகளில் இறங்கி மாண்ட கமக்காரரின் குடும்பங்களுக்கும் தெரிந்த உண்மை.

அந்த விபத்தை இலாபத்தின் பாஷையில் எழுதிப் பாருங்கள். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டில் பிறந்தது. 2018இல் அதன்படி ஓர் உயிருக்குக் கொடுக்கத்தக்க உச்சத் தொகை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. ஐவரும் தொழிலாளரே என்று வைத்துக் கொண்டாலும் மொத்தம் 27 இலட்சத்து 50 ஆயிரம். ஓடி வந்து உதவும் ஊரவன் அந்தச் சட்டத்தின் கணக்கிலேயே சேரான். இப்போது நமது புதிய முதுமாணி பணிப்பாளர் சபையில் எழுந்து, வாயு அளக்கும் கருவிகள், மூச்சுக் கவசங்கள், பயிற்சி பெற்ற மீட்புக் குழு, ஆண்டுதோறும் ஒத்திகை ஆகியவற்றுக்கு ஆகும் செலவை ஒரு பக்கத்திலும், பத்தாண்டுக்கோ இருபதாண்டுக்கோ ஒருமுறை வரக்கூடிய அந்தத் தொகையை மறுபக்கத்திலும் எழுதட்டும். கணக்கு யார் பக்கம் சாயும்? எந்தக் கணக்காளரையும் கேளுங்கள்.

2022இல் சட்டத்தைத் திருத்தி உச்சத்தை 20 இலட்சமாக்கினார்கள். நன்று, வரவேற்கின்றோம். ஆனால் அந்த 20 இலட்சம், மேனாட்டு இணையவழி முதுமாணிப் பட்டங்கள் பலவற்றின் கட்டணத்துக்கே போதாது! தொழிலாளியின் உயிரைவிட அவனைக் காப்பவரின் பட்டம் விலை கூடியதாக இருக்கும் நாட்டிலே, விலையைச் சொல்லி உயிரைக் காப்போம் என்பது என்ன வேடிக்கை? உயிருக்கு உயர்ந்த நட்டஈடும் கடுந்தண்டமும் விதிக்கும் நாடுகளில் அந்த வாதம் ஓரளவு செல்லும். உயிர் மலிந்த இடத்தில் அது முதலாளிக்கே ஆயுதமாகும்.

இங்கே வேறொரு காட்சியையும் காட்ட வேண்டும். முகமாலையிலே கண்ணிவெடி அகற்றும் நிலத்தைப் பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள். 2002 முதல் வடக்கில் நடந்து வரும் இந்த வேலையிலே கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெண்கள் பலர் முகக்கண்ணாடியும் மார்புக் கவசமும் அணிந்து, முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுகின்றனர். ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே எத்தனை மீற்றர் என்பது விதி. குழுத் தலைவி நிறுத்து என்றால் அத்தனை கையும் நிற்கும். இன்று இத்தனை சதுர மீற்றர் முடியவில்லையே என்று எவரும் அவள் கட்டளையை மாற்ற முடியாது. அவளுக்கு முதுமாணிப் பட்டம் இல்லை. தன் பாஷையிலே பயிற்சி உண்டு, நிறுத்தும் அதிகாரம் உண்டு. உலகிலேயே ஆபத்தான வேலைகளுள் ஒன்றை நம் கிராமத்துப் பெண்கள் இவ்விரண்டையும் கொண்டு செய்கின்றனர். இந்த அதிகாரத்தில் பாதியேனும் நம் நாட்டுத் தொழிற்சாலைகளின் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கு உண்டா? தமது சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் யார் வாயைப் பார்த்திருக்கிறாரோ, அவருடைய இயந்திரத்தையே அவர் நிறுத்த வேண்டும். பட்டம் பெற்ற பின்பும் அவர் நிலை அதுவே.

ஆகவே நாம் கேட்பது இது. வணிக நிர்வாகம் கற்பிக்கும் ஒவ்வொரு பீடமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் முதலாக, தொழிலகப் பாதுகாப்பை ஒரு விரிவுரையில் தொட்டுச் செல்லாமல், தேறாதவனுக்குப் பட்டம் இல்லை என்னும் கட்டாயப் பாடமாக்க வேண்டும். நாளைய பணிப்பாளர்களும் தோட்டத்துத் துரைமாரும் வங்கி முகாமையாளரும் அந்த வகுப்பிலேதான் இருக்கின்றனர். ரெக்சாஸ் நகரத்துத் தொட்டியையும் பெல்லப்பிட்டியத் தொட்டியையும் அவர்கள் பரீட்சைத் தாளில் காணட்டும். தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதன் பயிற்சிக்கு முதலில் வர வேண்டியவர்கள் கம்பெனித் தலைவர்களே. அபாயத்தைக் கண்டு வேலையை நிறுத்திய உத்தியோகத்தரையோ தொழிலாளியையோ வேலையிலிருந்து நீக்குவது குற்றம் என்று பாராளுமன்றம் தெளிவாகச் சட்டம் செய்யட்டும். நமது உறுப்பினர்கள் இதற்காக ஒரு நாள் எழுந்து பேசினால் தொண்டை வற்றிப் போகாது.

கமக்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நிறைய உண்டு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தொழிற்சாலை என்று தான் வரைவிலக்கணம் கூறிய இடத்தை மட்டுமே காணும். தேயிலை ஆலை அதன் கண்ணிற் படும்; ஆலைக்கு வெளியே குளவி கொட்டிச் சாகும் கொழுந்து பறிக்கும் பெண் படமாட்டாள். வெங்காயத் தறையில் முகத்தை மூடாமல் மருந்தடிப்பவனும், உழவு இயந்திரம் புரண்டு அதன் கீழ் அகப்படுபவனும், பனையிலிருந்து விழும் சீவல் தொழிலாளியும் படமாட்டார்கள். இவர்களுக்குப் பாதுகாப்பு உத்தியோகத்தரே கிடையாது; பிறகு அவருக்கு எம்.பி.ஏ. எங்கே? ஆனால் அரசு மனம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெதோயேட், பெந்தியன் என்ற மூன்று நஞ்சுகளைப் படிப்படியாக விற்பனையிலிருந்து நீக்கினார்கள். நாட்டில் பூச்சிகொல்லி நஞ்சினால் மாண்டோர் தொகை வீழ்ந்தது. நஞ்சையே கடையிலிருந்து எடுத்து விட்ட வேலை அது.

இணையவழிக் கல்வியின் உண்மையான பயனை இங்கே காண்கிறோம். டொலருக்கு விற்கும் பட்டமாக இல்லாமல், கமநல சேவை நிலைய உத்தியோகத்தருக்கும், கூட்டுறவுச் சங்கத் தலைவருக்கும், தோட்டத்துக் கங்காணிக்கும், பனை தென்னை வள அபிவிருத்திச் சங்கத்தாருக்கும், ஆடைத் தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கும் ஆறு மாதத்தில் முடியும் பாடநெறியாக, கைத்தொலைபேசியிலேயே கேட்கக் கூடியதாக, தமிழில் வர வேண்டும். பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரிலே ஒன்றுக்கொன்று அயலில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலே முகாமைத்துவ பீடம் இருக்கிறது, மருத்துவ பீடம் இருக்கிறது. நான்கும் ஒரு மேசையில் இருந்தால் பாடத்திட்டம் எழுத எத்தனை நாள் வேண்டும்?

தமிழில் கலைச்சொல் இல்லையே என்று சிலர் முனகுவர். இந்த முனகலை நாம் 1950களிலும் கேட்டோம். இரசாயனத்தைத் தமிழில் கற்பிக்க முடியாது என்றார்கள். அரசகரும மொழித் திணைக்களத்தில் இருந்து தமிழறிஞரும் விஞ்ஞான ஆசிரியரும் சொற்றொகுதிகளை ஆக்கிக் கொடுத்தார்கள். அன்று முதல் நம் பிள்ளைகள் உயர்தர வகுப்பில் அமோனியாவின் இயல்புகளைத் தமிழிலேயே படித்துப் பரீட்சை எழுதி வருகின்றனர். அமோனியா காற்றிலும் இலேசானது, நீரில் மிக எளிதில் கரைவது, கண்ணையும் தொண்டையையும் சுவாசப்பையையும் அரிப்பது என்று பதினெட்டு வயது மாணவி தமிழில் எழுதுகிறாள். அந்த விடைத்தாளையும் தொட்டியடியில் நிற்கும் தொழிலாளியையும் இணைக்கும் பாடநெறியை எழுத, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மூதவை அடுத்த கூட்டத்திலேயே ஒரு குழுவை அமைக்கலாம்.